பெண் நாய்க்குக் கருத்தடை: உரிய காலமும் பின்கவனிப்பும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழிக் காற்று வீசத் தொடங்கினால் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் ஓலைகளின் இரைச்சல் இரவெல்லாம் ஓயாது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எனத் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் இந்தக் கிழக்கு எல்லையில் வீடுகள் தோப்புக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. கறவை மாடும் தேங்காய்க் களமும் உள்ள வீட்டில் நாய் இல்லாமல் இராது. அது காவலுக்கு வந்து, சில மாதங்களிலேயே வீட்டில் ஒருவராகிவிடுகிறது.

ஆனால் குட்டி வாங்கும்போது பெரும்பாலோர் கேட்பது ஆண் குட்டியையே. பெண் குட்டிகள் மிஞ்சிப் போகின்றன. மிஞ்சியவை சாக்குப்பையில் கட்டப்பட்டுச் சந்தை ஓரத்திலோ, கால்வாய்ப் பாலத்தடியிலோ, எல்லைச் சாவடிக்கு அப்பாலோ விடப்படுவதை இப்பகுதியில் வாழும் எவரும் கண்டிருப்பர். அந்தக் குட்டிகளில் பிழைத்தவையே அடுத்த ஆண்டின் தெருநாய்கள். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் வளர்ப்பு நாய்கள் 8 லட்சத்துக்கும் மேல். தெருநாய்கள் ஏறத்தாழ 2.9 லட்சம். தெருநாய்ப் பிரச்சினை தெருவில் மட்டும் தொடங்குவதில்லை. நம் முற்றத்திலும் தொடங்குகிறது.

இளம் பெண் நாய்க்கு எப்போது கருத்தடை செய்வது, செய்தபின் எப்படிப் பேணுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம். மருத்துவர் அல்லாத நாங்கள் இதை எழுதக் காரணம், ஒரு நாயின் விஷயத்தில் நாங்கள் தவறியதும், அடுத்த நாயின் விஷயத்தில் கற்றுக்கொண்டதுமே ஆகும்.

தள்ளிப்போட்டதன் விலை

எங்கள் முதல் நாய் மணி நாட்டு நாய். மூன்று முறை குட்டி ஈன்றவள். கருத்தடை செய்யலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் பேசுவோம். மாங்காய்ப் பருவம் முடியட்டும், மழை ஓயட்டும், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடுவோம். அவளுக்கு எட்டு வயதானபோது, பருவம் வந்து போய் ஒரு மாதம் கடந்திருந்தது. ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாகத் தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள். உணவைத் தொடவில்லை. வெயிலின் கொடுமை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நான்காம் நாள் வயிறு உப்பி, எழ முடியாமல் கிடந்தபோதுதான் வண்டி பிடித்தோம். கருப்பை முழுதும் சீழ் கட்டியிருந்தது. அறுவை செய்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

மருத்துவர்கள் இந்நோயைப் பையோமெட்ரா என்பர். ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு நாயின் கருப்பையைத் தடிக்கச் செய்கிறது. குட்டி தரித்தாலும் தரிக்காவிட்டாலும் இது நடக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தடித்த அந்தச் சுவரில் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. சுவீடன் நாட்டில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2001இல் வெளிவந்த ஆய்வு, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பத்து வயதுக்குள் இந்நோய்க்கு ஆளாவதைக் காட்டியது. கருப்பையும் சினைப்பைகளும் நீக்கப்பட்ட நாய்க்கு இந்த அபாயம் அநேகமாக இல்லை.

மணிக்கு நோய் வந்தது எங்கள் கையில் இல்லை. அவளுக்குக் கருத்தடை செய்யாமல் எட்டு ஆண்டுகள் விட்டதும், தண்ணீர்த் தாகத்தை நான்கு நாள் வேடிக்கை பார்த்ததும் எங்கள் கையில் இருந்தவை.

அறுவையில் நடப்பது என்ன?

பெண் நாயின் கருத்தடை என்பது பெண்களுக்குச் செய்யப்படும் குடும்பக் கட்டுப்பாடு அறுவையைப் போன்றதன்று. அங்கே கருக்குழாயை மட்டும் கட்டுவர். இங்கே முழு மயக்கத்தில் வயிற்றைத் திறந்து இரண்டு சினைப்பைகளையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து நீக்கிவிடுவர். ஆகவே அதன்பின் பருவம் வராது, குட்டி தரிக்காது, ஆண் நாய்கள் வேலியைச் சுற்றி ஊளையிடும் இரவுகளும் இரா. சிறிய தழும்போடு முடிந்தாலும் இது வயிற்றுக்குள் செய்யப்படும் பெரிய அறுவைதான். அதனால்தான் காலம் பார்ப்பதும் பின்கவனிப்பும் முக்கியமாகின்றன.

எப்போது செய்வது?

பெண் நாய்க்கு முதல் பருவம் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் வரும். பெரிய உடலுள்ள இனங்களில் ஒன்றரை வயது, சில வேளை இரண்டு வயது வரைகூடத் தள்ளிப்போகும். ஒரு பருவம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடிக்கும். பிறகு ஆறு அல்லது ஏழு மாதத்துக்கு ஒருமுறை திரும்பும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இந்தக் கணக்கை மனத்தில் கொண்டால் முடிவெடுப்பது எளிது.

முதல் பருவத்துக்கு முன்பே செய்வதற்கு ஆதரவான வாதம் முலைக்கட்டியைப் பற்றியது. 1969இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருத்தடை செய்யாத நாய்க்குள்ள முலைப்புற்று அபாயத்தை நூறு எனக் கொண்டால், முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்த நாய்க்கு அது ஒன்றுக்கும் குறைவு, ஒரு பருவத்துக்குப் பின் 8, இரண்டு பருவங்களுக்குப் பின் 26 என்று கூறியது. இந்த எண்களே இன்றும் எங்கும் எடுத்துக் கூறப்படுகின்றன. ஆயினும் லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2012இல் இத்தகைய ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்டு, சான்றுகள் எண்ணிய அளவுக்கு உறுதியானவை அல்ல என்றனர். பயன் இருக்கலாம், அதன் துல்லியமான அளவைச் சத்தியம் செய்து கூற இயலாது என்று கொள்வதே நேர்மை.

காத்திருப்பதற்கு ஆதரவான வாதம் எலும்பையும் மூட்டையும் பற்றியது. வளரும் எலும்பின் நுனிகள் மூடுவதில் சினைப்பைச் சுரப்புக்கும் பங்குண்டு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் ஆகியோரின் குழு 2020இல் 35 இனங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், சிறிய இனங்களில் இளமையில் கருத்தடை செய்வதால் மூட்டு நோய் கூடுவதாகத் தெரியவில்லை. பெரிய இனங்கள் பலவற்றில் கூடியது. கலப்பின நாய்களிலும், வளர்ந்தபின் 20 கிலோவைத் தாண்டுபவற்றுக்கு ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டு நோய் மிகுவதை அதே குழு கண்டது. பெரிய நாய்களில் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதற்கு மருந்து உண்டு.

இவற்றை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, நம் நாட்டு நாய்களும் சிறிய இனங்களும். வளர்ந்தபின் 20 கிலோவுக்குள் நிற்கும் இவற்றுக்கு ஐந்து, ஆறு மாத அளவில், முதல் பருவத்துக்கு முன் செய்வது பெரும்பாலும் பொருத்தமானது.

இரண்டாவது, ராஜபாளையம், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய உடல் உள்ளவை. இவற்றுக்கு வளர்ச்சி முடியும்வரை, அதாவது ஒரு வயதோ அதற்குச் சற்று மேலோ ஆகும்வரை காத்திருப்பது நல்லது. அதற்குள் ஒரு பருவம் வரக்கூடும். அந்த மூன்று வாரமும் நாயைக் கட்டிக் காக்கும் வசதி வீட்டில் உண்டா என்பதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். வேலியில்லாத தோப்பில், பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில், காத்திருப்பது குட்டிகளில்தான் முடியும். அத்தகைய வீட்டார் இதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும்.

மூன்றாவது, பருவம் ஏற்கெனவே வந்துவிட்டவை. பருவ நாள்களில் கருப்பைக்கும் சினைப்பைக்கும் செல்லும் இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். அறுவையில் இரத்தப்போக்கு மிகும். முடிந்த உடனே செய்தாலும் பொய்ச்சினை, பால் சுரப்பு முதலிய தொல்லைகள் நீடிக்கலாம். ஆகவே பருவம் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துச் செய்வதே வழக்கம்.

சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றைப் பற்றித் தனியே ஒரு சொல். கொழுப்பே இல்லாத ஒல்லியான உடலுள்ள வேட்டை இனங்களுக்குச் சிலவகை மயக்க மருந்துகள் நெடுநேரம் தெளியாமல் நிற்கும். நாய் இன்ன இனம் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். இனத்தூய்மை உள்ள நல்ல நாட்டு இன நாயை முறையாக இனப்பெருக்கம் செய்ய எண்ணுவோர் கருத்தடையைத் தள்ளிவைப்பதும் நியாயமே. ஆனால் ஒவ்வொரு குட்டிக்கும் வீடு முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும்.

"ஒரு ஈத்து போடட்டுங் கண்ணு"

இரண்டாவது நாய் சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி சொன்ன அறிவுரை இது. "ஒரு ஈத்து போடட்டுங் கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம். இல்லாட்டி அதுக்கு ஒடம்பு கெட்டுப் போயிரும்" என்றார். அன்பால் கூறியதே எனினும் உண்மையன்று. ஒருமுறை ஈன்றால் நாயின் உடல்நலம் கூடும் என்பதற்குச் சான்றில்லை. காவல் குணம் குன்றிவிடும் என்பதும் அத்தகையதே, பெண் நாய் வீட்டைக் காப்பது தன் இடத்தின் மீதும் மனிதர் மீதும் கொண்ட பற்றால், சினைப்பையால் அன்று.

மற்றொரு பழக்கமும் உண்டு. "அறுவை வேண்டாம், பருவம் வராமலிருக்க ஊசி போடுங்கள்" என்று கேட்பது. அவ்வகைச் சுரப்பு ஊசிகள் கருப்பைச் சீழுக்கும் முலைக்கட்டிக்கும் வழிகோலுபவை. நாய் இணைந்துவிட்டபின் கருவைக் கலைக்கப் போடப்படும் ஈஸ்ட்ரோஜன் ஊசியோ கருப்பையோடு எலும்பு மச்சையையும் பாதிக்கக்கூடும். மலிவான வழியாகத் தோன்றுவது பின்னர் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

சிட்டுவுக்கு எடுத்த முடிவு

சிட்டு மாசியில் இரண்டு மாதக் குட்டியாக வந்தாள். வளர்ந்தாலும் 15 கிலோவைத் தாண்ட மாட்டாள் என்பதால் ஆனியில், ஆறாம் மாதத்தில், அறுவை செய்வதென முடிவு செய்தோம். அதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தபோது இரத்தத்தட்டுகள் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். மாட்டுத் தொழுவம் உள்ள வீடுகளில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. நாய் ஓடியாடித் திரியும். காய்ச்சல் வெளியே தெரியாது. தட்டுகள் குறைந்த நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் உறையாது. அந்த ஒரு பரிசோதனை அவள் உயிரைக் காத்தது என்றே நம்புகிறோம்.

நான்கு வார மருந்து முடிந்து மறுபரிசோதனைக்குச் செல்லவிருந்த ஆவணியில் பருவம் வந்துவிட்டது. மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்தோம். இங்கு வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று: இரத்தக்கசிவு வெளிறியதும் பருவம் முடிந்தது என்று பலர் அவிழ்த்துவிடுகின்றனர். உண்மையில் கருத்தரிக்கும் நாள்கள் தொடங்குவது அப்போதுதான். மூன்று வாரம் முழுமையாகக் கழியவேண்டும். பிறகு மூன்று மாதம் காத்திருந்து மார்கழித் தொடக்கத்தில் அறுவை நடந்தது.

அறுவைக்கு முன்

வெறிநாய்க்கடித் தடுப்பூசி உள்ளிட்ட தடுப்பூசிகளும் குடற்புழு மருந்தும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். எடை பார்த்து, இரத்தம் பரிசோதித்து, உண்ணி நீக்க மருந்தும் இட்டிருத்தல் நலம். வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவு உணவோடு நிறுத்திவிடுவது வழக்கம். சிறு குட்டிக்கு இவ்வளவு நேரப் பட்டினி ஆகாது. எத்தனை மணிக்கு உணவையும் தண்ணீரையும் நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள்க. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். "பாவம், பசிக்கும்" என்று காலையில் ரொட்டி கொடுத்துவிட்டால், அதை மறைக்காமல் சொல்லி அறுவையை ஒருநாள் தள்ளிவைப்பதே பாவத்தைத் தவிர்க்கும் வழி.

முதல் இரவு

மயக்கம் தெளியும் நாய் தள்ளாடும், முனகும், நடுங்கும். பழகியவர்களையே அடையாளம் தெரியாததுபோல் பார்க்கும். கட்டில், திண்ணை போன்ற உயரமான இடங்களில் விடலாகாது. காற்று அடிக்காத அறையில் சாக்கும் பழைய வேட்டியும் விரித்துப் படுக்கவைத்தோம். உடல் வெப்பம் குறைந்திருக்கும் நேரமாதலால் மார்கழிக் காற்றைத் தடுக்கச் சன்னலை அடைத்தோம். நன்கு விழித்தபின் சிறிது தண்ணீர். அது வயிற்றில் தங்கியபின் வழக்கமான உணவில் கால் பங்கு. அதற்குமேல் அன்று வேண்டாம்.

அன்றிரவு ஓரிருமுறை உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் நலம். வெளிறி வெள்ளையாக மாறினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொண்டு, பொழுது விடியக் காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மருத்துவரின் எண்ணோடு, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்குச் செல்ல வண்டி எது என்பதையும் முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும். எல்லையோரத்தில் வாழும் நமக்குப் பொள்ளாச்சி பக்கமா, பாலக்காடு பக்கமா என்பதே ஒரு கேள்வி. மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரி இன்னும் தொலைவு. அவசர நேரத்தில் அதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த பதினான்கு நாள்கள்

மூன்றாம் நாள் முதல் நாய்க்கு வலி குறைந்துவிடும், ஓடத் துடிக்கும். ஆனால் வயிற்றுத் தசையின் உள்தையல் அப்போதுதான் கூடத் தொடங்கியிருக்கும். பத்து முதல் பதினான்கு நாள் வரை கயிற்றில் பிடித்தே வெளியே கொண்டுசெல்ல வேண்டும். குதித்தல், படியேறுதல், பிற நாய்களோடு விளையாடுதல், குளித்தல் ஆகியவை கூடா.

கழுத்துக் கூம்பைக் கழற்றவே கூடாது. நாய் நாக்கால் நக்கினால் புண் ஆறும் என்பது தவறான நம்பிக்கை. இரவில் ஒரு மணி நேரம் கூம்பு இல்லாவிட்டால் தையலை முழுவதும் பிரித்துவிடும் ஆற்றல் அதன் முன்பற்களுக்கு உண்டு.

காலையும் மாலையும் தையலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதல் சில நாள் சிறு வீக்கமும் சிவப்பும் இயல்பு. கசிவு, நாற்றம், வாய்பிளத்தல், நாளுக்கு நாள் கூடும் வீக்கம் ஆகியவை இயல்பல்ல. நம் பகுதியில் பெரும் பகை ஈ. தொழுவத்தில் ஈ மொய்த்த புண்ணில் இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும். ஆகவே புண் ஆறும்வரை நாயைத் தொழுவத்துப் பக்கமே விடலாகாது.

எங்கள் பிழையையும் ஒப்புக்கொள்கிறோம். ஆறாம் நாள், சிட்டு நன்றாகிவிட்டாள் என்று எண்ணி, பால் கறக்கும் நேரத்தில் அவிழ்த்துவிட்டோம். கன்றோடு துள்ளியதில் ஒரு தையல் தளர்ந்தது. உடனே கொண்டுசென்றதால் உள்தையல் தப்பியது தெரிந்தது. மருத்துவர் சரிசெய்து, ஐந்து நாள் கூடுதலாகக் கட்டிவைக்கச் சொன்னார்.

மஞ்சள், வேப்பெண்ணெய், சாம்பல், மண்ணெண்ணெய் எதையும் தையல்மீது பூசவேண்டா. மருத்துவர் கொடுத்த மருந்தை மட்டும், சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை ஒருபோதும் நாமாகக் கொடுக்கலாகாது. மனிதருக்கு எளிய மாத்திரை நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும்.

ஒரு நாளுக்குமேல் உண்ணாமை, ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழியாமை, தொடர் வாந்தி, வயிறு உப்புதல், தையலில் சொட்டும் இரத்தம், எழ மறுத்தல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மணியின் தாகத்தை நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த தவற்றை வேறெவரும் செய்யாதிருப்பார்களாக.

தையல் பிரிப்பது வழக்கமாகப் பத்து முதல் பதினான்காம் நாளில். கரையும் நூல் என்றால் பிரிக்க வேண்டியதில்லை. எனினும் ஒருமுறை காட்டிவிடுவது நன்று. அதன்பின் கவனிக்க வேண்டியது உணவு. கருத்தடைக்குப் பின் நாயின் உணவுத் தேவை ஏறத்தாழ கால் பங்கு குறையும், பசியோ கூடும். அளவைக் குறைத்து நடையைக் கூட்டினால் நாய் பருக்காது. எப்போதேனும் மீண்டும் பருவக்குறி தோன்றினால், சினைப்பைத் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், காட்டுவது அவசியம்.

செலவும் பொறுப்பும்

திட்டமிட்ட கருத்தடை ஒரே ஒருமுறைச் செலவு. அரசு மிருகாஸ்பத்திரியில் அறுவை வசதி உண்டா என்று முதலில் விசாரித்தால் அதுவும் குறையலாம். சீழ் கட்டிய கருப்பையை நள்ளிரவில் நீக்குவதோ பன்மடங்கு செலவு, உயிர் திரும்பும் என்ற உறுதியும் இல்லை. நாய்க் காப்பீடுகள் திட்டமிட்ட கருத்தடையைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆதலால் குட்டி வீட்டுக்கு வந்த மாதமே சிறு தொகையில் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினால், ஆறேழு மாதத்தில் அறுவை, பரிசோதனை, மருந்து மூன்றுக்கும் பணம் கையிலிருக்கும். நாங்கள் சிட்டுவுக்குச் செய்தது இதுவே.

இது சட்டப் பொறுப்பும் ஆகும். சென்னையைச் சேர்ந்த புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையையும் தடுப்பூசியையும் முன்வைத்தது. 1996இல் சென்னை மாநகராட்சி அவ்வழிக்கு வந்தது. 2001இல் மத்திய அரசு அதற்கு விதிகள் வகுத்தது. அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு விலங்கின் தடுப்பூசியும் கருத்தடையும் உரிமையாளரின் பொறுப்பு என்று தெளிவாகக் கூறுகின்றன. தெருநாய்களுக்கு உள்ளாட்சி செய்யட்டும் என்று கூறும் நாம், நம் வாசலில் பிறப்பவற்றை அந்தக் கணக்கில் சேர்த்துவிடலாகாது.

இப்போது சிட்டு இரண்டு வயதை நெருங்குகிறாள். பருவக் காலங்களில் எங்கள் வேலியோரம் ஆண் நாய்கள் கூடுவதில்லை. அண்மையில் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி தம் வீட்டுக்கு ஒரு குட்டி எடுத்துவந்தார், பெண் குட்டி. "ஆறு மாசம் ஆனதும் அந்த டாக்டர்கிட்டயே சொல்லிப் போடுங் கண்ணு" என்றார். மாதத்தைக் கணக்கிட்டு நாள்காட்டியில் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.